நம்பர்காரரின் பன்னிரண்டு

முப்பத்து நான்கு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து வந்தார் அவர். அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. பதினெட்டு வருஷமாக இன்னொரு வேலையும் பார்த்தார். அதற்குச் சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு. அந்த இரண்டாவது வேலையால்தான் கோல்ஃப் கிளப்பில் எல்லோரும் அவரை நம்பர்காரர் என்று கூப்பிட்டார்கள்.

கிளப் என்றதும் பளிங்குத் தரை, சீருடைப் பணியாள் என்று கற்பனை பண்ணிவிட வேண்டாம். தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் ஒன்பது குழி தோண்டிய பொது மைதானம், அவ்வளவுதான். பதினெட்டுக் குழி ஆட வேண்டுமென்றால் அதையே இரண்டு முறை சுற்றி வர வேண்டும். தகரக் கூரை போட்ட ஓர் அலுவலக அறை, அதில் ஒரு மேஜை, முக்கி முனகி எழுந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர், சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு கைகழுவும் தொட்டி. பிளம்பர், நர்ஸ், வாத்தியார், கறிக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர் என்று எல்லாம் கலந்த கூட்டம்.

நம்பர் என்பது வேறொன்றுமில்லை, ஹேண்டிகேப். குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறவன் கெட்டிக்காரன். கெட்டிக்காரனும் கற்றுக்குட்டியும் மோதினால் ஆட்டம் எப்படி ருசிக்கும்? அதற்காக ஆளுக்கொரு நம்பர். பன்னிரண்டு என்றால் மொத்த அடியில் பன்னிரண்டைக் கழித்துக்கொள்ளலாம். இருபத்தாறு என்றால் இருபத்தாறு. நம்பர் சின்னதானால் ஆள் பெரிய ஆட்டக்காரன். ஆடி முடித்ததும், கூட ஆடினவர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அட்டையை ஒப்படைக்க வேண்டும். கடைசி இருபது அட்டைகளில் நல்ல எட்டை எடுத்துச் சராசரி பார்த்து, அதில் மைதானத்துக்கு வகுத்த எழுபத்திரண்டு அடியைக் கழித்தால் நம்பர் வந்துவிடும். எழுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் சமமாக நின்று ஆடலாம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆடுகிறவர்கள் மனுஷர்களாக இல்லாதவரை நியாயம்தான்.

வாத்தியாரை எடுத்துக்கொள்ளுங்கள். குழிக்கு மூன்றடி தள்ளி நிற்கும் பந்தை, "இது போட்ட மாதிரிதான்" என்று சொல்லிக் கையில் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். கூட ஆடுகிறவர்களும் நமக்கென்ன என்று விட்டுவிடுவார்கள். இப்படியே அவர் நம்பர் பதினொன்றுக்கு வந்துவிட்டது. போட்டி நாளில் எல்லாப் பந்தையும் குழியில் போட்டே ஆக வேண்டும் அல்லவா? அன்றைக்கு மனுஷர் வியர்த்து விறுவிறுத்துக் கடைசி இடத்துக்கு வருவார். ஆனாலும் அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில், "நான் பதினொண்ணு" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. கறிக்கடைக்காரர் நேர் எதிர். நன்றாக ஆடின அன்றைக்கு அட்டை தொலைந்துவிடும், இல்லையென்றால் மழையில் நனைந்துவிடும், இல்லையென்றால் நாய் தின்றுவிடும். நம்பர் கும்மென்று உப்பிக்கொண்டே போகும். கோப்பை வைக்கிற போட்டி வந்தால் மட்டும் அவருக்குத் திடீரென்று ஆட்டம் கைகூடிவிடும்.

இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நின்று இடி வாங்குவதுதான் நம்பர்காரர் வேலை. ஜெயித்தவன் நம்பர் திருட்டு நம்பர் என்பார்கள். தோற்றவன் தன் நம்பர் அநியாய நம்பர் என்பான். சனிக்கிழமை கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை இதைக் கேட்டுக்கொண்டு, வீடு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிடுவார்.

"பதினெட்டு வருஷத்துல யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், நன்றின்னு சொல்லியிருக்காங்களா?" என்று மனைவி கேட்பார்.

"சொன்னாங்களே."

"யாரு?"

"நம்ம சம்பந்தி."

"அவரு பஸ்ஸை மறிச்ச மாட்டுக்கே நன்றி சொல்ற ஆளு. அவரைக் கணக்குல சேர்க்காதீங்க."

சம்பந்தி என்றால் அவருடைய ஒரே மகளின் மாமனார். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆன புதிதில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, வெயில் அதிகம், ஆமாம் அதிகம் என்பதற்கு மேல் பேச்சு நகராமல் திண்டாடினார்கள். கடைசியில் சம்பந்தியே ஒரு பழைய மட்டைப் பையை யாரிடமோ வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்து நின்றார். "உங்களோட பேச வேற வழி தெரியலைங்க" என்றார். அன்றிலிருந்து எட்டு வருஷம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாக ஆடினார்கள். ஒருவர் அட்டையில் மற்றவர் கையெழுத்துப் போட்டார்கள். சம்பந்தியின் நம்பர் இருபத்தாறில் வந்து நின்றது. அதற்குமேல் ஓர் அடி இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

நம்பர்காரரின் நம்பர் பன்னிரண்டு.

ஐம்பது வயதுக்கு மேல், கூலி வேலை பார்க்கிற ஒரு மனுஷர், வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டை பிடித்துப் பன்னிரண்டுக்கு வருவது லேசுப்பட்ட விஷயம் இல்லை. அந்தக் கிளப்பில் அவருக்குக் கீழே நம்பர் வைத்திருந்தவர்கள் நாலே பேர். வாத்தியாரைச் சேர்க்காமல் நாலு பேர். கடையில் முதலாளி "ஏய்" என்று கூப்பிட்டாலும், வாடிக்கையாளர் லென்ஸில் இல்லாத கீறலைக் காட்டிச் சத்தம் போட்டாலும், உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் நான் பன்னிரண்டு என்று இருக்கும். அவர் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது கட்டைவிரலின் அடிமூட்டு மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான லென்ஸைச் சாணைக்கல்லில் அழுத்திப் பிடித்த விரல். தேயாமல் என்ன செய்யும்? மட்டையை இறுக்கிப் பிடித்தால் முழங்கை வரை சுரீர் என்றது. தளர்த்திப் பிடித்தால் பந்து நாலு திசைக்கும் ஓடியது. எண்பத்து நாலில் முடிகிற ஆட்டம் தொண்ணூறுக்கு ஏறியது, பிறகு தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றாறு.

அப்படி முதல் தொண்ணூற்று மூன்று வந்த ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்குள் போனார். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பதியவில்லை. அன்றைக்கு அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் நல்ல காரணம்தான். நம்பரை ஏற்றுகிற பேனா தன் கையில் இருக்கிறது. தன் நம்பரே ஏறினால் நாலு பேர் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசுவார்கள். விரல் சரியானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினார்.

விரல் சரியாகவில்லை. அடுத்த அட்டையும் போகவில்லை, அதற்கடுத்ததும் போகவில்லை. எப்போதாவது குருட்டாம்போக்கில் எண்பத்தைந்து, எண்பத்தாறு வந்தால் அதை மட்டும் பதிந்தார். புது அட்டைகள் வந்தால்தானே பழையவை வரிசையிலிருந்து வெளியேறும்? இரண்டு வருஷத்துக்கு முந்தைய நல்ல அட்டைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன, பன்னிரண்டும் அசையவில்லை. தனிநபர் போட்டி நடக்கும் நாளில் அட்டை கட்டாயம். அன்றைக்கெல்லாம் "நான் இன்னைக்கு நடத்துறவன், ஆடலை" என்று மேஜைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். மறைத்த அட்டைகளைக் கிழித்துப் போடவும் மனசு வரவில்லை. அட்டையைப் பத்திரப்படுத்தியே பழகின கை அது. வீட்டுக்குக் கொண்டு போனால் மனைவி கண்ணில் படும். ஆகவே ஒரு ரப்பர் பேண்டு போட்டு, அலுவலகக் கைகழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியில், சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். வைக்க இடம் பார்த்தார் பாருங்கள், மனுஷர்!

சம்பந்தி வெள்ளந்திதான், ஆனால் கண் தெரியாதவர் இல்லை. ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஏன் சம்பந்தி, இவ்வளவு அடி ஆவுதே, உங்க நம்பர் ஏறவே இல்லையே?"

"அது மெதுவாத்தான் ஏறும். கண்டபடி ஏறாம இருக்க ஒரு தடுப்பு இருக்கு விதியில."

தடுப்பு இருந்தது உண்மை. அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"அப்படியா? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சம்பந்தி பந்தைத் தேடப் போய்விட்டார்.

இதில் சம்பந்திக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், இருக்கிறது. வருஷா வருஷம் கிளப்பில் ஜோடிக் கோப்பை நடக்கும். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஜோடியில் யார் அடி குறைவோ அதையே கணக்கில் எடுத்து, குழிக்குக் குழி மோத வேண்டும். மொத்த அடியைக் கணக்கெடுக்காததால் அதில் அட்டை கிடையாது. கடினமான குழிகளில் தொடங்கி, அவரவர் நம்பருக்கு ஏற்றபடி குழிக்கு ஓர் அடி கழியும். ஜெயித்த ஜோடியின் பெயரைக் கோப்பையில் பொறிப்பார்கள். சம்பந்திக்கு அதில்தான் கண்.

"முப்பது வருஷம் வேலை பார்த்தேன். என் பேரை எழுதின ஒரே இடம் டிப்போவுல டியூட்டி போர்டுதான். அதையும் சாயங்காலம் அழிச்சிடுவான்" என்று சிரிப்பார்.

பன்னிரண்டும் இருபத்தாறும் சேர்ந்தால் நல்ல ஜோடிதான். பன்னிரண்டு உண்மையாக இருந்தால்! போன வருஷம் அரையிறுதியில் மண்ணைக் கவ்வினார்கள். இந்த வருஷம் எப்படியோ தட்டுத் தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அதே சமயம் சம்பந்தியின் மகனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மகன், மருமகள், பேத்தி, சம்பந்தி தம்பதி என்று குடும்பமே கிளம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம், புதன்கிழமை லாரி வருகிறது. இனிமேல் இந்த ஜோடி இல்லை. கோப்பையில் பெயர் ஏறுவதென்றால் இந்த ஒரு ஞாயிறுதான் மிச்சம்.

எதிர் ஜோடி பிளம்பரும் அவருடைய அக்காவும். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிளம்பருக்கும் நம்பர்காரருக்கும் ஒரு பழைய கசப்பு உண்டு. பிளம்பர் இருபத்தொன்று என்று நம்பர் வைத்துக்கொண்டு மூன்று போட்டிகளை வரிசையாக அள்ளினார். நம்பர்காரர் கண்கொத்திப் பாம்பாக இருந்து, மைதான முன்பதிவையும் அட்டைகளையும் ஒப்பிட்டு, ஒன்பது நல்ல அட்டைகளை அவர் கொடுக்காமல் விட்டதைக் கையும் களவுமாகப் பிடித்தார். நம்பரைப் பதினைந்துக்கு வெட்டினார். போன வருஷப் பொதுக்கூட்டத்தில், அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, "அட்டையை மறைக்கிறவன் கூட ஆடுறவங்களோட ஞாயித்துக்கிழமையைத் திருடுறான்" என்றார். கைதட்டினார்கள். பிளம்பர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அலுவலகத் தொட்டியின் குழாய் பிய்த்துக்கொண்டது. அறை முழுக்கத் தண்ணீர். கிளப் தலைவரான மருந்துக்கடைக்காரர் பிளம்பருக்கு போன் பண்ணினார். கடை மூடியதும் நம்பர்காரர் வந்து பார்த்தபோது, பிளம்பர் வேலையை முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஈர அட்டைகளை ஒவ்வொன்றாகக் காய வைத்திருந்தார்.

"அறுபத்து மூணு இருக்கு சார்" என்றார் பிளம்பர். குரலில் குத்தல் இல்லை. நாள் முழுக்கக் குழாயோடு மல்லுக்கட்டிய அசதிதான் இருந்தது. "மொதல்ல யாரோ தொலைச்சதுன்னு நெனச்சேன். எல்லாத்துலயும் உங்க பேரு. எல்லாத்துலயும் உங்க சம்பந்தி கையெழுத்து."

நம்பர்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினெட்டு வருஷமாக மற்றவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்ட அதே நாற்காலி.

"நான் நல்ல அட்டையை மறைச்சேன், நீங்க கெட்ட அட்டையை மறைச்சிருக்கீங்க. எனக்காவது கோப்பை கிடைச்சுது. இதுல உங்களுக்கு என்ன சார் கிடைச்சுது?"

பதில் இருந்தது. ஆனாலும் நம்பர்காரர், "விரல் சரியில்ல" என்றார்.

"அதுக்குத்தானே சார் நம்பர் இருக்கு? முடியாதவங்களும் ஆடணும்னுதானே?" பிளம்பர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "மனசுலயே கூட்டிக் கழிச்சுப் பார்த்தேன். ஒழுங்கா கொடுத்திருந்தா நீங்க இப்ப இருபத்தொண்ணு. பன்னெண்டோட வந்தா எங்களுக்கு லாபம். இருபத்தொண்ணோட வந்தா நாங்க அம்பேல். நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். அன்னைக்கு நீங்க என்னை எழுப்பி நிக்க வெச்ச மாதிரி நான் உங்களை நிக்க வைக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை யாரோடதுன்னு நீங்களே பார்த்துக்கங்க."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கத்தியிருந்தால் கூட நம்பர்காரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கடையில் இரண்டு லென்ஸை அளவு தப்பித் தேய்த்து வீணாக்கினார். சாயங்காலம் நேராக அலுவலகம் போனார். காய்ந்து சுருண்டிருந்த அட்டைகளைத் தேதி வாரியாக அடுக்கினார். கம்ப்யூட்டரில் தன் பெயரைத் திறந்தார். ஒன்று பதிந்தார். இரண்டு, மூன்று. நாலாவது அட்டைக்குத் திரையில் பன்னிரண்டு பதின்மூன்றாக மாறியது. அந்தப் பதின்மூன்றை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யாரோ தன் சட்டையைக் கழற்றியது போலக் கூசியது. இருந்தாலும் அடுத்த அட்டையைக் கையில் எடுத்தார். எடுத்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அப்போது பார்த்து மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். இறுதி ஆட்டத்துக்கான பட்டியலை ஒட்ட வந்தவர்.

"என்ன சார், ஃபைனலுக்கு ரெண்டு நாள் இருக்கையில கம்ப்யூட்டரோட ரகசியம் பேசறீங்க? உங்க நம்பரை ஏத்திக்கிறீங்களா?" என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே கடகடவென்று சிரித்தார்.

அந்த வாய் கொஞ்சம் சும்மா இருந்திருக்கக் கூடாதா! விளையாட்டுக்குச் சொன்னதுதான், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நம்பர்காரர் இரண்டு வருஷமாக எந்தப் பேச்சுக்குப் பயந்தாரோ அது அட்சரம் பிசகாமல் வந்து காதில் விழுந்தது. மருந்துக்கடைக்காரர் போனதும், பதிந்த நாலையும் அழித்தார். திரையில் பன்னிரண்டு திரும்பி வந்தது. ஒரு நாள் நன்றாக ஆடினால் போதும், பன்னிரண்டோடேயே ஜெயித்துவிடலாம், ஒரே ஒரு நாள் இந்த விரல் ஒத்துழைக்காதா என்று தன்னைத்தானே சமாதானம் பண்ணிக்கொண்டார். தனக்கே நம்பிக்கை இல்லாத சமாதானம் அது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சம்பந்தி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். காலணியைக் கூடத் துடைத்திருந்தார்.

"சம்பந்தி, ராத்திரி பூரா தூக்கமில்ல. பொறிக்கிறப்ப என் பேரை முழுசா பொறிப்பாங்களா, முதல் எழுத்து மட்டுமா?"

"முழுசாத்தான்."

"அப்ப உங்க பேரு மேல, என் பேரு கீழ. சரிதானே?"

நம்பர்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆட்டம் நன்றாகவே நடந்தது, சம்பந்தியால். எட்டு வருஷத்தில் அவர் அப்படி ஆடி நம்பர்காரர் பார்த்ததில்லை. தூரம் அடிக்கத் தெரியாது, ஆனால் குழியைச் சுற்றியுள்ள புல்வட்டத்துக்கு வந்தபிறகு பந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி குழிக்குள் போய் விழுந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் திரும்பி நம்பர்காரரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நம்பர்காரர் மூன்றாவது குழியிலேயே விரலைத் துணியால் சுற்றிக்கொண்டார். ஆறாவதில் ஓர் அடியில் தோற்றார்கள். பதின்மூன்றாவதிலும் ஓர் அடி. அந்த இரண்டும் சுலபமான குழிகள். பன்னிரண்டு நம்பருக்கு அங்கே கழிவு கிடையாது. இருபத்தொன்று நம்பருக்கு எல்லாக் குழியிலும் உண்டு. நம்பர்காரர் ஒவ்வொரு குழியிலும் இரண்டு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். ஒன்று காலில் நடந்த ஆட்டம், இன்னொன்று மனசுக்குள் இருபத்தொன்றை வைத்து நடந்த ஆட்டம். இரண்டாவதில் அவர்கள் ஜெயித்துக்கொண்டே போனார்கள். பிளம்பரும் அதே கணக்கைப் போட்டிருக்க வேண்டும். அவர் அன்றைக்கு நம்பர்காரர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பதினேழு குழி முடிந்தபோது சமநிலை. கடைசிக் குழியில் சம்பந்தியின் பந்து ஓடைக்குள் போய்விட்டது. எல்லாம் நம்பர்காரர் தலையில் விழுந்தது. பிளம்பரின் அக்கா கழிவுக்குப் பிறகு நாலில் முடித்தார். நம்பர்காரர் எட்டடித் தூரத்திலிருந்து தட்டிய பந்து குழியின் விளிம்பில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது. ஐந்து. அதுவும் சுலபமான குழி, கழிவு இல்லை. ஐந்து ஐந்துதான்.

கூடியிருந்தவர்கள் பிளம்பர் ஜோடிக்குக் கைதட்டினார்கள். பிளம்பர் நம்பர்காரரின் கையைக் குலுக்கினார். சம்பந்தி ஓடைப் பக்கமாகத் திரும்பி நின்று கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார். பிறகு வந்து நம்பர்காரரின் தோளில் கைபோட்டார்.

"விடுங்க சம்பந்தி. தோத்தாலும் நேர்மையா தோத்தோம். அது போதும்."

அந்தச் சொல்லைத் தாங்க நம்பர்காரரால் முடியவில்லை. சம்பந்தி யாருக்கோ போன் பேசிவிட்டு வரும்வரை காத்திருந்து, அவரை அலுவலக அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். அட்டைக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றையும் மென்று விழுங்காமல், முதல் தொண்ணூற்று மூன்றிலிருந்து வெள்ளிக்கிழமை அழித்த நாலு வரைக்கும் சொன்னார். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. இரண்டு வருஷம் சுமந்தது ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோனது அவருக்கே கேவலமாக இருந்தது.

சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டைகளைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"அப்ப இன்னைக்கு?"

"ஆறாவதும் பதிமூணாவதும் சமமாயிருக்கும். பதினேழாவதுலயே ரெண்டு குழி முன்னால நின்னு ஆட்டம் முடிஞ்சிருக்கும். கடைசிக் குழிக்கே வந்திருக்க வேண்டாம்."

"நாம ஜெயிச்சிருப்போம்."

"ஜெயிச்சிருப்போம்."

"போன வருஷம்?"

"போன வருஷமும் அரையிறுதியைத் தாண்டியிருப்போம்."

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். வெளியே யாரோ பிளம்பரைத் தோளில் தூக்கப் போய், எடை தாங்காமல் கீழே போட்டார்கள் போலிருக்கிறது. சிரிப்புச் சத்தம் கேட்டது.

"திட்டுங்க சம்பந்தி. ரெண்டு வார்த்தை திட்டிடுங்க."

"திட்டத் தெம்பு இல்லைங்க." அவர் அட்டைகளைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். "இந்த ரெண்டு வருஷமா நான் என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா? பன்னெண்டு நம்பர் ஆளு, என்னைக் கட்டிக்கிட்டு அழறாரேன்னு. என்னாலதான் தோக்கறார்னு. மொட்டை மாடியில ஒரு டம்ளரைப் படுக்க வெச்சு, தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பந்தைத் தட்டிப் பழகினேன். எம் பேத்தி சிரிக்கும். என் பொண்டாட்டி, இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு கேட்பா. சம்பந்தி மானம் என் கையில இருக்குடின்னு சொல்லுவேன்."

நம்பர்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சம்பந்தி எழுந்து, மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு வரை போனார். அங்கேயே நின்றார்.

"இப்ப வீட்டுக்குத்தான் போன் பண்ணினேன். உங்க பொண்ணுதான் எடுத்துச்சு. அப்பா எப்படி ஆடினார்னு கேட்டுச்சு. அப்பா பிரமாதமா ஆடினார், நான்தான் கடைசிக் குழியில பந்தை ஓடையில விட்டுக் கெடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்." கதவைத் திறந்தார். "அதை இனிமே மாத்திச் சொல்ல வேணாம். அப்படியே இருக்கட்டும்."